அந்த அம்பாசடரை ஓட்டியவர் யார்?



போன வாரம் பேத்தி எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். "சார், இந்த வயசுல பொம்மைக் கார் செய்றீங்களா?" என்று. "கணக்கு வாத்தியாருக்குப் பொழுது போகலை போல" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் யாரென்று தெரியும். எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்குக்கு அவர் எழுதிய விடைகளும் நினைவில் இருக்கின்றன.

பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப்போகிறேன்.

முதலில் ஒன்று. நான் செய்வது பொம்மை இல்லை, அளவு மாதிரி. கடையில் விற்கும் பிளாஸ்டிக் அம்பாசடரைப் பின்னால் இழுத்துவிட்டால் ஓடும். குழந்தைக்கு அது போதும். ஆனால் அதில் சக்கரம் பெரிதாக இருக்கும், கூரை தட்டையாக இருக்கும், கதவு வெறும் கோடாக இருக்கும். அளவு மாதிரி என்றால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். அசல் அம்பாசடரின் நீளம் 4,325 மி.மீ., அகலம் 1,662 மி.மீ., முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைத்தூரம் 2,464 மி.மீ. நான் எடுத்துக்கொண்டது 1:24. ஆகவே 180.2, 69.25, 102.7. எதற்கு 24 என்றால், பழைய அடிக்கணக்கில் ஓர் அடிக்கு அரை அங்குலம், அவ்வளவுதான். சிறிய கார்களுக்கு 1:43 என்று ஓர் அளவு உண்டு. அது இங்கிலாந்தில் மாதிரி ரயில் செய்தவர்கள் ஓர் அடிக்கு 7 மி.மீ. என்று வைத்த கணக்கிலிருந்து வந்தது. வகுத்துப் பாருங்கள்.

இந்த விகிதத்தில் நான் 1 மி.மீ. தவறினால் அசல் காரில் 24 மி.மீ. தவறியதாகும். பெயிண்டைத் தடிமனாகப் பூசினால் கார்மேல் தோசை மாவை ஊற்றியதுபோல இருக்கும். இன்னொரு கணக்கு: நீளம் 24 பங்கு குறைந்தால் எடை 24 பங்கு மட்டும் குறையாது. 24 × 24 × 24, அதாவது 13,824 பங்கு குறையும். சுமார் 1,100 கிலோ காரை அதே தகட்டில், அதே விகிதத்தில் செய்தால் கையில் கிட்டத்தட்ட 80 கிராம்தான் இருக்கும். நம் மலைவாழைப்பழம் ஒன்றின் எடை!

மரம் கல்யாணமுருங்கை. மிளகுக்கொடி ஏற்றியிருந்த மரம் ஒன்று போன வருடக் காற்றில் சாய்ந்தது. மெத்தென்ற மரம், கத்திக்கு வளைந்து கொடுக்கும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் பட்டி கொண்டுவந்து கொடுத்தார். பூசி, காயவைத்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்க்க வேண்டும். இப்போது பல இளைஞர்கள் ஃபோம் ஷீட்டில் அரசுப் பேருந்தை அச்சு அசலாகச் செய்கிறார்கள். அவர்கள் பொறுமைக்கு என் கும்பிடு. ஆனால் பஸ்ஸுக்குப் பெரும்பாலும் நேர்கோடு. அம்பாசடரில் நேர்கோடு என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பானட், மட்கார்டு, கூரை, டிக்கி எல்லாம் வளைவு. பின் மட்கார்டு கதவோடு சேரும் இடத்தை மட்டும் நான்கு தடவை செதுக்கினேன்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். முகநூலில் வாரம் ஒரு தடவையாவது அம்பாசடர் படம் ஒன்று வருகிறது. கீழே "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்று நூறு பேர். வராது, வரவும் வேண்டாம் என்பேன் நான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை எடுத்து, 1950களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாராவில் தயாரிக்கத் தொடங்கி, 2014 வரை பெரிய மாற்றமில்லாமல் விற்ற வண்டி அது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வேண்டும். டிரம் பிரேக். நல்ல குணம் இல்லாமல் இல்லை. முன்சீட்டு ஒரே பெஞ்சு, கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும், ஒன்பது பேர் ஏறினாலும் முனகிக்கொண்டே போகும், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டிவிடுவார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சரி. பாதியை மட்டும் சொல்லிப் பெருமூச்சு விடுவது எனக்கு ஒப்பவில்லை.

அதுவும் நம் மலையில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அந்தக் காலத்தில் இங்கே யாரிடம் கார் இருந்தது? மூட்டையைத் தலையில் வைத்து இறங்கினவர்கள் நாம். இந்த மலையில் கார் என்றால் அதிகாரிக்கு, இல்லாவிட்டால் ஆபத்துக்கு.

அரசும் பழைய வண்டிக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. 2021இல் வந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட கார், முதலில் செய்தபடியே பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால், அதற்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு எண். நல்லதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ராஜா வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்தி நின்ற கார் இந்த விதிக்குள் வந்துவிடும். வாடகைக்கு ஓடிப் பிழைத்த கார் வருமா? அதற்குப் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்திருப்பார்கள், துருப்பிடித்த தளத்தில் தகடு அடித்திருப்பார்கள், ஒரு கதவு வேறு வண்டியுடையதாக இருக்கும். உழைத்த வண்டி அசல்படி இருக்காது. அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும், போயும்விட்டது. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள், அருமையான இடம். ஆனால் கதவுக்குக் கயிறு கட்டிய வாடகைக் காரை எந்த அருங்காட்சியகத்தில் வைப்பார்கள்? அதைச் செய்து வைக்க வேண்டியது நாம்தான். செய்தால் கயிற்றோடு செய்ய வேண்டும். ஷோரூமில் நின்றதுபோலப் பளபளப்பாகச் செய்தால் அது வேறு யாருடைய காரோ.

நான் செய்வது எந்தக் கார் என்று உறவினர்களுக்குத் தெரிந்திருக்கும். மாணவர்களுக்கும் தெரியும், வகுப்பில் குறைந்தது முப்பது தடவை சொல்லியிருப்பேன். 1984, ஐப்பசிக் கடைசி, அடைமழை. என் மூத்த மகள் பிறந்த இரவு. நாள் இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. ராத்திரியில் பஸ் கிடையாது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் மழையால் செம்மேட்டில் தங்கியிருந்தது. அவர்களைக் கொண்டுவந்த நாமக்கல் வாடகைக் கார் அங்கே நின்றது. தம்பி ஓடிப்போய் எழுப்பினான். அந்தக் காரில்தான் எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, காரவள்ளி, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். அப்போது நாம் சேலம் மாவட்டம். விடியும்போது குழந்தை பிறந்தது.

இதை நாற்பது வருடமாக ஒரே மாதிரி சொல்லிவந்தேன். கிரீம் நிற அம்பாசடர், நடுவழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது, மழைநீரைப் பிடித்து ஊற்றினோம் என்று. மாதிரி செய்ய உட்கார்ந்தபிறகு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது.

முதலில் பட்டறை மாணவர் கேட்டார்: "சார், இறக்கத்துல ரேடியேட்டர் எதுக்குக் கொதிக்குது? ஏத்தத்துல கொதிக்கும். இறக்கத்துல பிரேக்தான் சூடாகும்." எனக்குப் பேச்சு வரவில்லை. உண்மைதான். கருகின வாடை ஒன்று இப்போதும் மூக்கில் இருக்கிறது. அது பிரேக் லைனிங். வளைவில் நிறுத்தியது பிரேக் ஆறுவதற்கு. ஏறி வரும்போது ரேடியேட்டர் கொதித்ததாக அவர் சொன்னதை நான் நம் பயணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன் போலிருக்கிறது. பத்து வருடம் உங்களுக்கு அறிவியலும் சேர்த்து நடத்தினவன் நான்!

அடுத்தது நிறம். "கிரீமா? கறுப்பு வண்டி, மேலே மஞ்சள் கூரை. டாக்ஸி" என்றான் தம்பி. என் வீட்டம்மாவும் அதையே சொன்னார். கிரீம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மகள் கல்யாணத்துக்கு எடுத்த காரின் நிறம்.

மூன்றாவது கதவு. இடது பின்கதவைப் பளிச்சென்று செய்து காட்டினேன். வீட்டம்மா பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க முன்னாடி உட்கார்ந்திருந்தீங்க. அந்தக் கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு. கண்ணாடி முழுசா ஏறலை. மழை என் கால்ல அடிச்சுது, பக்கத்து வீட்டு அக்கா முந்தானையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க" என்றார். அந்த அக்கா காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் முந்தானை பிடித்துக்கொண்டு வந்த கதை எனக்கு இப்போதுதான் தெரியும். கதவைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடியை முக்காலளவில் நிறுத்தி, தையல் நூலை முறுக்கிக் கயிறு கட்டினேன்.

பிறகு முன்சீட்டு. ஸ்டீயரிங்கைச் செப்புக்கம்பியில் வளைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். வீட்டம்மா சொன்னார்: "டிரைவர் தோள்ல இருந்த துண்டை மடிச்சு எனக்குத் தலைக்கு வெச்சாரு. 'அம்மிணி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க, அடிவாரம் வந்துரும்'னு சொல்லிக்கிட்டே வந்தாரு." சரி, அவர் பேர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தம்பியைக் கேட்டேன், தெரியவில்லை. "அண்ணா" என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம்.

எனக்கு அன்று வேலை ஓடவில்லை. இன்ஜின் 1,489 சி.சி. என்று சொன்னேன், எழுபது வளைவு என்று சொன்னேன், மழையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் "அந்தக் கார் இல்லாவிட்டால் என் மகள் இல்லை" என்று முடித்தேன். கார் தானாகவா இறங்கியது? அந்த மழையில், தேய்ந்த பிரேக்கோடு, இரண்டாவது கியரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறக்கினார். இத்தனை மாணவர்களில் ஒருவர்கூட "ஓட்டினவர் யாருங்க சார்?" என்று கேட்டதில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை வகுப்பில் சொன்னதே இல்லை. அன்று என் கையில் வாடகைக்குப் போதுமான பணம் இல்லை. இருந்ததைக் கொடுத்துவிட்டு, மீதி அறுபது ரூபாயை அந்த வாரத்திலேயே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "குழந்தையைப் பாருங்க வாத்தியாரே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ஒரு மாதம் கழித்துத்தான் போனேன். வண்டி நிற்கும் இடத்தில் அவர் இல்லை, சவாரி போயிருக்கிறார் என்றார்கள். பேர் தெரியாததால் யாரிடமும் கொடுத்துவிட்டு வரவும் முடியவில்லை. மறுபடி போகிறேன் என்று நினைத்தேன். போகவில்லை.

இதுதான் நான் கேட்கும் உதவி. நாமக்கல், சேந்தமங்கலம் பக்கம் இருக்கும் மாணவர்களே, உங்கள் அப்பா, மாமா, தாத்தா யாராவது 1984 வாக்கில் நாமக்கல்லில் கறுப்பு மஞ்சள் அம்பாசடர் வாடகைக்கு ஓட்டியிருந்தால் கேட்டுப் பாருங்கள். அப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். இடது காதில் கடுக்கன். வண்டியின் இடது பின்கதவு கயிற்றால் கட்டியிருந்தது. கொல்லிமலையில் ஒரு வாத்தியார் சம்சாரத்தை ராத்திரியில் இறக்கிய கதையை வீட்டில் சொல்லியிருக்கலாம். அவர் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருப்பார்கள். பொதுவில் பெயரைப் போட வேண்டாம், மெசஞ்சரில் எனக்கு மட்டும் அனுப்புங்கள். செம்மேட்டுப் பக்கம் வந்தால் நேரிலும் சொல்லலாம்.

காரில் இன்னும் ஒரு வேலை பாக்கி. முன்கிரில். நெருக்கமான கட்டம் போட்டிருந்தால் அது 1960களில் வந்த மார்க் 2. அகலமான கம்பிகள் படுக்கையாக இருந்தால் 1975இல் வந்த மார்க் 3. சிறிய கிரில்லும் சதுரமான பக்க விளக்கும் இருந்தால் 1979இல் வந்த மார்க் 4. நான் கட்டம் என்கிறேன், தம்பி படுக்கைக் கம்பி என்கிறான். என் நினைவை நம்பி இனி எதையும் ஒட்டுவதாக இல்லை. மூன்றையும் செய்து தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஓட்டியவர் வீட்டிலிருந்து யாராவது சொன்ன பிறகு ஒட்டுகிறேன்.