படிப்போர் பலர், எழுதுவோன் ஒருவன்

ஓர் ஏட்டைப் பலர் ஒருங்கே படிக்கலாம். ஒருவன் அதில் எழுதும்போது மட்டும் வேறெவரும் அதைத் தொடலாகாது. எத்துணை எளிய விதி! கணிப்பொறி விஞ்ஞானம் பயில்வோர் அனைவரும் ஆபரேட்டிங் சிஸ்டம் என்னும் பாடத்தில் இதைக் கற்கிறோம். தேர்வில் எழுதுகிறோம், மதிப்பெண் பெறுகிறோம், மறந்தும் போகிறோம். மறப்பது கூடப் பெரிதன்று. தீர்ந்துபோன கணக்கு என்று நம்பிக்கொண்டு மறக்கிறோமே, அந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்க முற்படுகிறேன்.

வகுப்பில் ஆங்கிலம், விடுதியில் இந்தி என்று நாட்கள் செல்லும் இவ்வூரில், இதைத் தமிழில் எழுதிப் பார்க்க நம் சங்க இதழ் ஒன்றே இடம். பிற துறை அன்பர்களும் படிப்பார்களாகையால் சிறிது விளக்கம் தருகிறேன். கணிப்பொறியின் உள்ளே அனைத்தையும் ஆளும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். இன்றைய பொறிகளில் பல கோர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒரே பட்டியலை இரண்டு கோர்கள் ஒருங்கே திருத்தினால் பட்டியல் பாழாகும். அதைத் தடுப்பதற்கே பூட்டுகள். அவற்றுள் மூத்தது செமாஃபோர். 1960களில் ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா வகுத்தது. பெயரோ இரயில் பாதையினுடையது. நம் ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டி என்பார்களே, அதேதான். அதனுள் ஓர் எண் இருக்கும். நுழைபவன் அதில் ஒன்றைக் குறைப்பான். வெளியேறுபவன் ஒன்றைக் கூட்டுவான். எண் சுழியாயிருப்பின் வந்தவன் உறங்கிக் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி நம் விதிக்கு வருவோம். 1971இல் கூர்த்துவா, ஹேமன்ஸ், பார்னஸ் என்னும் மூவர் செமாஃபோர்களைக் கொண்டு இதற்கு விடை கண்டனர். ஒன்றன்று, இரண்டு. முதல் விடையில் படிப்போர்க்கே சலுகை. உள்ளே ஒருவன் படித்துக்கொண்டிருக்கும் வரை, பின்னால் வரும் படிப்போரெல்லாம் வாசலில் நிற்கும் எழுதுவோனைத் தாண்டி உள்ளே செல்லலாம். அவர்கள் ஓயாமல் வந்தால் எழுதுவோன் பாடு பட்டினி. இரண்டாவது விடையில் சலுகை எழுதுவோனுக்கு, பட்டினி படிப்போருக்கு. நம் வகுப்புகளில் முதல் விடையே விடையென்று பலகையில் ஏறுகிறது. எழுதுவோனின் பட்டினியோ இரண்டு மதிப்பெண் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. யாரைக் காக்க வைப்பது என்பது கணக்கு சொல்லும் முடிவா? அமைப்பவன் அறிந்து செய்ய வேண்டிய தேர்வு அன்றோ அது?

"வந்த வரிசைப்படி விட்டுவிடு, வழக்கு முடிந்தது" என்பார் என் அறை நண்பர். அவர் லினக்ஸ் கெர்னலைத் திறந்து பார்க்கட்டும். 2014இல் அதன் படிப்போர்–எழுதுவோர் பூட்டுக்கு வரிசை முறை வந்தது. கூடவே ஒரு விலக்கும் வந்தது. ஒரு கோர் படிப்பதற்காகப் பூட்டைப் பிடித்திருக்கிறது. எழுதுவோன் ஒருவன் வரிசையில் நிற்கிறான். அவ்வேளையில் வெளிச்சாதனம் ஏதோ ஒன்று இன்டரப்ட் என்னும் அவசர அழைப்பை விடுக்கிறது. கோர் தன் வேலையை நிறுத்தி அதைக் கவனிக்கிறது. அவ்வேலைக்கும் அதே பூட்டைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதை வரிசையின் கடைசியில் நிறுத்தினால் என்னாகும்? இன்டரப்ட் எழுதுவோனுக்குக் காத்திருக்கும். எழுதுவோன் முதற் படிப்பாளனுக்குக் காத்திருப்பான். முதற் படிப்பாளனோ இன்டரப்ட் முடிய வேண்டுமென்று காத்திருப்பான். எவரும் நகர வழியில்லை. ஆதலால், எழுதுவோன் இன்னும் உள்ளே நுழையவில்லையெனில், இன்டரப்ட்டில் வரும் படிப்பாளன் வரிசையைத் தாண்டிச் செல்லலாம் என்று விதித்துவிட்டார்கள்.

உறங்கிக் காத்திருக்கும் வகையிலும் நிலைமை இனிதன்று. ஒரு நிரலின் நினைவகம் முழுவதற்கும் அத்தகைய பூட்டு ஒன்றே இருந்துவந்தது. தேவைப்பட்ட பக்கத்தைக் கொண்டுவருவோர் அதற்குப் படிப்போர். புதிய பகுதியைச் சேர்ப்பவன் எழுதுவோன். மெதுவாகப் படிப்பவன் ஒருவன் உள்ளே, அவன் பின் எழுதுவோன் ஒருவன், அவனுக்கு மதிப்பளித்து அவன் பின்னே படிப்போர் கூட்டம்! எழுதுவோனுக்கு நியாயம் செய்யப் புகுந்து எல்லோரையும் நிறுத்தியதுதான் பயன். 2023இல் வெளிவந்த 6.4ஆம் பதிப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பூட்டு இட்டபின்னரே, பக்கம் கொண்டுவருவோர் பெரும்பாலும் அப்பெரும்பூட்டின் வாசலுக்குச் செல்லாமலேயே காரியம் முடிக்கலாயினர்.

வகுப்பில் எவரும் எனக்குச் சொல்லாத செய்தி இன்னொன்று உண்டு. படிப்போர் அதிகமாயின் இப்பூட்டே வேகமானது என்று கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். நூல்நிலைய வாசலை நினைத்துப் பாருங்கள். உள்ளே நூறு நாற்காலி. வாசலில் ஒரே பதிவேடு, ஒரே பேனா. ஒரு நிமிடம் செய்தித்தாள் புரட்ட வந்தவனும் கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிறான். பூட்டினுள் இருக்கும் படிப்போர் எண்ணிக்கை அப்பதிவேடு போன்றதே. படிக்க வரும் ஒவ்வொரு கோரும் அதைக் கூட்ட வேண்டும், போகும்போது குறைக்க வேண்டும். படிக்க வந்தவனும் அங்கே எழுதித்தான் ஆக வேண்டும்! அந்த எண் இருக்கும் நினைவகத் துண்டு ஒரு கோரின் கேஷிலிருந்து மறு கோரின் கேஷுக்கு ஓயாமல் அலைகிறது. படிக்கும் வேலை நீண்டதாக இல்லையெனில் சாதாரணச் சுழல் பூட்டே மேல் என்று லினக்ஸின் சொந்த ஆவணமே எழுதி வைத்திருக்கிறது.

பதிவேடே வேண்டாமென்று 2002இல் லினக்ஸில் சேர்ந்த முறை ஆர்.சி.யூ. எழுதுவோன் பழைய ஏட்டில் கை வைப்பதில்லை. திருத்திய படி ஒன்றைத் தனியே எழுதி, வழிகாட்டும் அம்புக்குறியை அதன்பால் திருப்பிவிடுகிறான். பழையதைப் படித்துக்கொண்டிருந்தோர் அனைவரும் வெளியேறிய பின்னரே அதை அப்புறப்படுத்துகிறான். இதற்கும் விலையுண்டு. சிறிது நேரம் சிலர் பழைய செய்தியைப் படிப்பார்கள். அதைப் பொறுக்கக்கூடிய இடத்தில் மட்டுமே இம்முறை செல்லும்.

எங்கள் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் தேர்வில் "செமாஃபோர் கொண்டு படிப்போர்–எழுதுவோர் சிக்கலைத் தீர்க்க" என்னும் வினாவை விட்டுவிடுங்கள். படிப்பவன் எவ்வளவு நேரம் உள்ளிருப்பான், எழுதுவோன் எத்தனை முறை வருவான், பழைய செய்தி பொறுக்குமா என்பவற்றைக் கொடுத்து, எப்பூட்டு வேண்டும், அதனால் எவன் காத்திருப்பான் என்று கேளுங்கள். பத்து மதிப்பெண் தரலாம்.