பட்டியலில் இல்லாத ஒற்றன்



சில வாரங்களுக்கு முன் எமது குடியிருப்பில் வாழும் அம்மையார் ஒருவர் தமது கைத்தொலைபேசியுடன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் முகம் வாடியிருந்தது. அவருடைய மகனின் அகதி விண்ணப்ப விசாரணை பற்றிய கடிதம் வந்திருப்பதாகவும், அதனை உடனே பார்க்கவேண்டும் எனவும் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. கீழே ஓர் இணைய முகவரி இருந்தது. பெற்ற மனம் பொறுக்குமா? அழுத்திவிட்டார். வெள்ளைத் திரை ஒன்று தோன்றி மறைந்தது. கடிதம் எதுவும் வரவில்லை. மகனிடம் சொல்ல அஞ்சித் தொலைபேசிக் கடைத் தம்பி ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவரும் எதையோ ஓடவிட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கூறி அனுப்பிவிட்டார்.

"மாஸ்ரர், ஒண்டும் இல்லையெண்டு சொன்னால் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார் அம்மையார்.

அத்தொலைபேசியில் ஊரிலுள்ள சகோதரியின் குடும்பத்தாருடைய இலக்கங்கள் இருந்தன. மகன் விசாரணைக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் படங்கள் இருந்தன. யார் எவருக்கு உதவினார், எவர் எங்கே மறைந்திருந்தார் என்பதெல்லாம் அதில் இருந்தன. அவர் கேட்டது ஒரு கருவியைப் பற்றிய கேள்வி அன்று. பல உயிர்களைப் பற்றிய கேள்வி. நானோ வரலாறும் தமிழும் கற்பித்தவன். உடனே விடை கூற இயலாமல், அறிந்தவர்களைக் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எம்மைப் போலவே நாடிழந்த மக்கள் திபெத்தியர். இந்தியாவின் தர்மசாலாவில் உள்ள தலாய் லாமாவின் அலுவலகக் கணனிகளில் ஏதோ பிழை இருப்பதாக 2008ஆம் ஆண்டில் ஐயம் எழுந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்தோரும் அதனை ஆராய்ந்து, 2009 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டனர். 103 நாடுகளில் 1,295 கணனிகள் ஒரே வேவு வலையில் சிக்கியிருந்தன. அதற்குக் கோஸ்ட்நெற் என்று பெயரிட்டனர். கணனியிலுள்ள கோப்புகளைக் களவாடுவதோடு, அதன் ஒலிவாங்கியையும் கமராவையும் உரியவர் அறியாமலே இயக்கவும் அதனால் முடிந்தது.

அந்த ஒற்றன் உள்ளே நுழைந்த வழி மிகச் சாதாரணமானது. நண்பரிடமிருந்து வந்தது போன்ற மின்னஞ்சல். அதனுடன் ஓர் இணைப்பு. ஆய்வாளர் எடுத்துக்காட்டிய ஓர் இணைப்பின் தலைப்பு, புலம்பெயர்ந்த திபெத்தியருக்கான அடையாளப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்பது. அகதிக்கு அடையாளப் பத்திரத்தை விட ஆவலைத் தூண்டும் பொருள் வேறு யாது? அம்மையாருக்கு வந்த 'விசாரணைக் கடிதம்' எனக்கு அதனையே நினைவூட்டியது.

அவ்வறிக்கையில் என்னை நிறுத்திவைத்த செய்தி மற்றொன்று. அந்த இணைப்பை 34 வைரஸ் தடுப்பு மென்பொருள்களைக் கொண்டு சோதித்தபோது, 11 மட்டுமே அது தீயது என்று கண்டன. எஞ்சிய 23உம் எதையும் காணவில்லை. அந்த 23இல் ஒன்றை வைத்திருந்தவருக்கு, கடைத் தம்பி சொன்ன விடையே கிடைத்திருக்கும்.

இது எவ்வாறு நேர்ந்தது? எம்மில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வராதவர் சிலரே. சாவடியில் நிற்பவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் பெயர் உள்ளவர் மறிக்கப்படுவார். இல்லாதவர் கடந்து செல்வார். நேற்றைய பட்டியலை வைத்திருப்பவருக்கு இன்று தேடப்படுபவரைத் தெரியாது. அப்பட்டியல்களால் நாம் பட்ட துயரம் வேறு கதை. பட்டியல் என்பதன் இயல்பை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். கணனியையும் தொலைபேசியையும் சோதிக்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் இவ்வாறே இயங்குகின்றன. முன்னர் பிடிபட்ட தீய மென்பொருளின் அடையாளம், அது தொடர்புகொள்ளும் இணைய முகவரி, அது தனக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர், அது செய்யும் செயல் என்பன விதிகளாக எழுதப்பட்டுள்ளன. விதிக்குப் பொருந்துவது பிடிபடும், பொருந்தாதது தப்பிக்கொள்ளும். ஆகவேதான் விதிப்பட்டியலைத் தனியே, அடிக்கடி, புதுப்பிக்கக்கூடியதாக அமைத்திருக்கிறார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பெகாசஸ். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் அரசாங்கங்களுக்கு விற்ற வேவு மென்பொருள் இது. எதையும் அழுத்தாமலே தொலைபேசிக்குள் புகவும் இதனால் முடிந்தது. சர்வதேச மன்னிப்புச் சபை 2018 ஓகஸ்டில் இதைப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டபோது, இது பயன்படுத்திய இணைய முகவரிகள் பல அம்பலமாயின. உடனே அவை மூடப்பட்டன. பின்னர் வேறு முகவரிகளுடன் புதிய வலை எழுந்தது. ஒற்றன் சட்டையை மாற்றிக்கொண்டான். பழைய பட்டியல் பயனற்றுப் போயிற்று.

2021 யூலையில் அதே சபையின் ஆய்வுகூடம் மொபைல் வெரிபிகேஷன் ரூல்கிற் என்னும் சோதனைக் கருவியை எவரும் பயன்படுத்தக்கூடியதாக இலவசமாக வெளியிட்டது. தொலைபேசியின் பிரதியொன்றைக் கணனியில் எடுத்துவைத்து, அதில் பதிந்துள்ள தடயங்களை இக்கருவி பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்கும். எந்த நிரல் எவ்வளவு தரவை அனுப்பியது என்ற குறிப்பு ஐபோனில் எஞ்சியிருக்கும். பெகாசஸ், ஐபோனின் சொந்த நிரல்களைப் போல் ஒலிக்கும் பெயர்களைச் சூட்டிக்கொண்டு அங்கே ஒளிந்திருந்தது. மாறுவேடம் பூண்டாலும் காலடி மணலில் பதிந்துவிடுகிறதல்லவா? அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் இத்தகைய தடயங்கள் குறைவாகவே எஞ்சுகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இக்கருவி வேறு, அதன் பட்டியல் வேறு. புதிய ஒற்றன் ஒருவன் பிடிபட்டதும் அவனுடைய அடையாளங்களைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். இதில் பெரும் நன்மை ஒன்றுண்டு. சென்ற ஆண்டு எடுத்துவைத்த பிரதியை இந்த ஆண்டுப் பட்டியலுடன் மீண்டும் ஒப்பிடலாம். அன்று காணாதது இன்று தென்படக்கூடும். ஆகையால், ஐயம் தோன்றியவுடன் தொலைபேசியிலுள்ள அனைத்தையும் அழித்துவிடுவது அறிவுடைமை ஆகாது. ஒற்றனோடு அவன் காலடியும் அழிந்துபோகும்.

இவற்றைப் படித்துவிட்டு எவரும் அஞ்சி நடுங்க வேண்டாம். பெகாசஸ் போன்றவை பெரும் பொருட்செலவில், தெரிந்தெடுத்த சிலர்மீது ஏவப்படுபவை. எம்மில் பெரும்பாலோரை நாடி வருவது பணத்தையோ கடவுச்சொல்லையோ களவாட வரும் சாதாரண ஏமாற்றுச் செய்திதான். அதற்கு எதிரான காப்பும் சாதாரணமானதே. மீண்டும் திபெத்தியரைப் பாருங்கள். 2018 நவம்பரில் சில நாட்களுக்குள், பத்திரிகையாளர் போலவும் தொண்டு நிறுவனத்தினர் போலவும் நடித்து, திபெத்திய அமைப்புகளைச் சேர்ந்தோருக்கு வட்ஸ்அப்பில் வலை விரித்தனர். இவ்வாறான 15 முயற்சிகளில் 8இல், செய்தி பெற்றவர் அந்த முகவரியை அழுத்திவிட்டார். ஆயினும் எவருடைய தொலைபேசியும் பாதிக்கப்படவில்லை. ஏன் தெரியுமா? அத்தாக்குதலுக்கு இடங்கொடாத மென்பொருளே அவர்களுடைய தொலைபேசிகளில் இருந்தது; தாக்கியவர் நம்பியிருந்ததோ ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்த பழைய ஓட்டைகளை. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஏமாற்றுபவன் திறமையாக நடித்தான். அவர்களைக் காத்தது புதுப்பித்தல்.

எனவே, நாம் செய்யக்கூடியவை சில. தொலைபேசி 'புதுப்பிக்கவும்' என்று கேட்கும்போது அதனைத் தள்ளிப்போடாதீர்கள். உற்பத்தி செய்தவரே புதுப்பிப்பதை நிறுத்திவிட்ட பழைய தொலைபேசியில் வழக்குப் பத்திரங்களை வைத்திருக்காதீர்கள். அலுவலகத்திலிருந்து வந்ததாகக் கூறும் செய்தியை, அச்செய்தியில் உள்ள இலக்கத்தில் அன்றி, உங்களிடம் முன்பே இருக்கும் இலக்கத்தில் அழைத்து உறுதிசெய்யுங்கள். ஐயம் ஏற்பட்டால் வேறு தொலைபேசியிலிருந்து பேசுங்கள். எதையும் அழிக்காமல் விடயம் அறிந்தவரிடம் காட்டுங்கள். பொதுப்பணியிலும் பத்திரிகைத் துறையிலும் இருப்போர், 2022 முதல் ஐபோனில் உள்ள லொக்டவுன் மோட் என்னும் கடுங்காவல் நிலையை அறிந்துவைத்திருப்பது நன்று. இளைஞர்களுக்கு ஒரு சொல்: மனைவியின் தொலைபேசியையோ வளர்ந்த மகளின் தொலைபேசியையோ அவர் சம்மதமின்றிச் 'சோதிப்பதும்' வேவுதான். மேற்கூறிய கருவியின் உரிமப் பத்திரமே உரியவரின் சம்மதத்தை நிபந்தனையாக விதிக்கிறது.

இனி அம்மையாரிடம் வருவோம். என் தொலைபேசியிலிருந்து மகனின் சட்டத்தரணியுடைய அலுவலகத்தை அழைத்தோம். அவ்வாறான கடிதம் எதையும் தாம் அனுப்பவில்லை என்றார்கள். ஆகவே, செய்தி பொய் என்பது உறுதியாயிற்று. பத்து மாதங்களாகப் புதுப்பிக்கப்படாதிருந்த அத்தொலைபேசியை, ஒன்றையும் அழிக்காமல், அவர்கள் காட்டிய நிபுணரிடம் ஒப்படைத்தோம். அன்றிரவு அம்மையார் மகனுக்கு நடந்ததைச் சொன்னார். மறுநாள் என் வீட்டிலிருந்தே ஊரிலுள்ள சகோதரியை அழைத்து, எந்தெந்தப் பெயர்கள் வெளியே போயிருக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாகக் கூறினார். அவர் குரல் நடுங்கியது. ஆயினும் ஒன்றையும் மறைக்கவில்லை. எச்சரிக்கை பெற்றவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள வழி உண்டு. நாம் வெட்கத்தால் மௌனம் காத்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நிபுணர் சென்ற வாரம் விடை சொன்னார். "இன்றைய பட்டியலின்படி ஒன்றும் அகப்படவில்லை" என்றார். எடுத்த பிரதியை வைத்திருப்பதாகவும், சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதாகவும் கூறினார். கடைத் தம்பி பொய் சொன்னவர் அல்லர். 'இன்றைய பட்டியலின்படி' என்ற இரு சொற்களை அவர் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவே.

அம்மையாருக்கு நான் கொடுத்த விடையும் அதுவே. "ஒண்டும் இல்லையெண்டு ஆராவது சொன்னால், எந்தத் திகதிப் பட்டியலிலை எண்டு ஒருக்கால் கேளுங்கோ அம்மா."

அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். பின்னர் தொலைபேசியை என்னிடம் நீட்டி, "புதுப்பிக்கிறது எந்தப் பொத்தான் எண்டு காட்டுங்கோ மாஸ்ரர்" என்றார்.