ஒளிச்சு வைச்சா தேவை இல்லாமல் போயிடுமா?

ஆர்ட்ஸ் படிக்கிறவளுக்கு ஜாவாவில என்ன வேலை எண்டு கேட்கிறவைக்கு ஒரு தகவல்: ஸ்பிறிங் பிறேம்வேர்க்கைத் தொடக்கி வைத்த றொட் ஜோன்சன் இசையியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சரி, இனிச் சண்டைக்கு வருவம்.

ஒரு கிளாஸ் தனக்குத் தேவையானதைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். பகுதிநேரக் கோர்ஸ் ஒன்றில் நூலக இரவல் புரொஜெக்ட் செய்தோம். இரவல் கிளாஸுக்குப் புத்தகப் பதிவு, உறுப்பினர் பதிவு, அறிவித்தல் எல்லாம் வேணும். "ஃபீல்டுக்கு மேல ஒட்டோவயர்ட் போடுங்கோ, மிச்சத்தை ஸ்பிறிங் பாத்துக்கொள்ளும்" எண்டு படிப்பிச்சார்கள்.

பாத்துக்கொண்டதுதான்! ரெஸ்ட் எழுதுவதற்காக, ஸ்பிறிங் இல்லாமல் நியூ போட்டு அந்தக் கிளாஸை உருவாக்கினன். கொம்பைலர் வாயே திறக்கேல்ல. ஓடவிட்டால் நல் பொயின்டர் எக்ஸெப்ஷன். ஃபீல்ட் எல்லாம் வெறுமை. அதுக்கு என்னென்ன தேவை எண்டு அறிய முழுக் கோட்டையும் கிண்ட வேண்டியிருந்தது.

தேவைகளைக் கொன்ஸ்ட்ரக்டரில் கேட்டால் இந்தக் கூத்து இல்லை. ஒண்டைக் குடுக்காமல் விட்டால் கொம்பைலரே மறிக்கும். ஃபீல்டுகளை ஃபைனல் ஆக்கலாம். பிறகு ஒருத்தரும் மாத்தேலாது. இரண்டு கிளாஸ் ஒண்டையொண்டு கேட்டு நிண்டால், அப்ளிகேஷன் தொடங்கும்போதே பிடிபடும். ஃபீல்ட் முறையில் இந்தச் சுற்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 2021இல் வந்த ஸ்பிறிங் பூட் 2.6தான் அதை இயல்பாகவே தடுத்தது.

"கோட் நீளுது, வடிவில்லை" எண்டு சொல்லுகினம். 2016இல் வந்த ஸ்பிறிங் 4.3இலிருந்து, ஒரேயொரு கொன்ஸ்ட்ரக்டர் இருந்தால் ஒட்டோவயர்ட்கூட எழுதத் தேவையில்லை. மிஞ்சுற நீளம் உங்கட தேவைகளின்ர நீளம். கொன்ஸ்ட்ரக்டரில் எட்டுப் பேர் வரிசையில நிண்டால், அந்தக் கிளாஸ் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யுது; பிரிக்க வேணும். ஃபீல்டில் போட்டாலும் எட்டு எட்டுத்தான், கண்ணில குத்தாது, அவ்வளவுதான்.

இருந்தாலும் இல்லாட்டியும் பரவாயில்லை என்ற தேவைக்கு செட்டர் போதும், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் இல்லாமல் இயங்கவே முடியாத ஒண்டை வாசலிலயே கேட்கிறதுதான் நேர்மை. ஸ்பிறிங்கின் சொந்த ஆவணமும் கொன்ஸ்ட்ரக்டரைத்தான் பரிந்துரைக்குது. பிறகும் ஏன் புதுசாப் படிக்க வாற பிள்ளைகளுக்கு ஃபீல்டைப் பழக்கிறியள்? கெதியா முடிக்கலாம் எண்டோ? அந்தக் கெதியின்ர கடனைக் கட்டப்போறது நீங்கள் இல்லை. நாளைக்கு அதே கோட்டைத் திறந்து, எது எங்கயிருந்து வருது எண்டு தெரியாமல் முழிக்கப்போற நாங்கள்.