நடந்து போகிறவருக்கு வழி எங்கே?

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு ஒரு பயணம்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி. வடக்கே கொள்ளிடம். ஆற்றில் வெள்ளம் புரண்டாலும் சரி, வெறும் மணல் கிடந்தாலும் சரி, பாலம் ஏறாமல் ஊரை விட்டு வெளியே போக முடியாது.

பொழுது விடிந்தால் அந்தப் பாலத்தில் யார் யார் போகிறார்கள் பாருங்கள். காந்தி மார்க்கெட்டுக்குப் போகும் காய்கறிக்காரர். மெயின்கார்டு கேட் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பையன். கல்லூரிக்குப் போகும் பெண்கள். பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை, கைப்பிடியில் சாப்பாட்டுப் பை என்று ஒரே ஸ்கூட்டரில் குடும்பத்தையே ஏற்றிக் கொண்டு போகும் தகப்பனார். சைக்கிளில் பால்காரர். ஓரமாக நடந்து போகும் பெரியவர்.

இவர்களுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், பஸ் போகிறது. பஸ்சில் இருப்பவரைச் சுற்றி இரும்புத் தகடு இருக்கிறது. காரில் இருப்பவருக்கு பெல்ட் இருக்கிறது. நடந்து போகிறவரைச் சுற்றி என்ன இருக்கிறது? காற்றுதான்!

பாலம் மூடியபோது...

சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-ல் வந்தது. நாளாக நாளாகத் தூண்களுக்கு மேலே உள்ள இணைப்புகள் விரிந்தன. கார்க்காரருக்கு அது ஒரு குலுக்கல். அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள்காரருக்கு அப்படி இல்லை. இணைப்பில் சக்கரம் தடுக்கினால் வண்டி ஆடும். ஆடுகிற நேரத்தில் பின்னால் ஒரு பஸ் வந்தால் என்ன ஆகும்?

2022 செப்டம்பரில் பழுது பார்ப்பதற்காகப் பாலத்தை மூடினார்கள். முதலில் இரண்டு சக்கர வண்டிகளை மட்டும் விட்டார்கள். நவம்பரில் அதுவும் நின்றது. 2023 மார்ச்சில்தான் பாலம் மறுபடியும் திறந்தது.

அந்த மாதங்களில் ஊர் பட்ட பாட்டை ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஓயாமரி வழியாகச் சுற்றிக் கொண்டு, சென்னை தேசிய நெடுஞ்சாலையின் பாலத்தில் ஏறிப் போக வேண்டும். அந்த ரோடு லாரிக்கும் வெளியூர் பஸ்சுக்கும் போட்ட ரோடு. அதில் மொபெட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டு போய் விட வேண்டிய நிலை!

வழியில் இருக்கிறது சஞ்சீவி நகர் சந்திப்பு. ஒரு பக்கம் ஊர். மறு பக்கமும் ஊர். நடுவே பறக்கும் நெடுஞ்சாலை. அங்கே சுரங்கப்பாதை வேண்டும் என்று மக்கள் பல ஆண்டு கேட்ட பிறகே அதற்கான வேலை எடுக்கப்பட்டது. நெடுஞ்சாலை போடும்போதே இரண்டு பக்கமும் மனிதர்கள் குடியிருந்தார்கள். அவர்கள் எப்படி ரோட்டைத் தாண்டுவார்கள் என்ற கேள்விதான் கடைசியில் வந்து சேர்ந்தது.

மணிக்கு 19 பேர்

மத்திய அரசின் கணக்கைப் பார்ப்போம். 2022-ம் ஆண்டில் இந்தியாவில் ரோடு விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதாவது மணிக்கு 19 பேர். இந்தச் செய்தியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று வீடுகளில் அழுகுரல் கேட்டிருக்கும்.

இறந்தவர்கள் யார்? இரண்டு சக்கர வண்டிகளில் போனவர்கள் 74,897 பேர். நடந்து போனவர்கள் 32,825 பேர். இந்த இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 64 பேர். சைக்கிள்காரர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே ரோடு விபத்து என்றாலே காரும் காரும் மோதுவது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பெரிய வண்டி, சின்ன வண்டியின் மேல் ஏறுகிற கதைதான் அது. உலகம் முழுவதும் எடுத்தாலும் இப்படித்தான். ரோட்டில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடப்பவர்களும், சைக்கிள், மோட்டார் சைக்கிள்காரர்களும்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் ராஜ்யம் எப்படி? 2022-ல் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. உயிர் இழந்தவர்கள் 17,884 பேர். தினம் 49 பேர்!

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 2016-ல் தமிழ்நாட்டில் 17,218 பேர் இறந்தார்கள். 2019-ல் அது 10,525 ஆகக் குறைந்தது என்று அரசுக் கணக்கு சொன்னது. எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றே ஆண்டில் மறுபடியும் பழைய இடத்துக்கு ஏறி விட்டது. குறைக்க முடியாத விஷயம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. கொஞ்சம் கண் அசந்தால் திரும்பி வரும் என்பதும் தெரிகிறது.

பதினான்கு மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை

வேகம் என்ன செய்யும்? ஒரு சின்னக் கணக்கு.

தெருவில் ஒரு குழந்தை பந்தை விரட்டிக் கொண்டு குறுக்கே ஓடி வருகிறது. உங்கள் வண்டிக்கும் குழந்தைக்கும் இடையே 14 மீட்டர். அதாவது சுமார் 45 அடி. குழந்தையைக் கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும்.

நீங்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த ஒரு விநாடியில் வண்டி 8 மீட்டர் ஓடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் ஐந்தாறு மீட்டர். குழந்தைக்கு முன்னால் வண்டி நின்று விடும். மூச்சு வாங்கும். தாயார் வந்து ரெண்டு வார்த்தை திட்டுவார். அதோடு சரி.

50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடி விடும். கால் பிரேக்கைத் தொடும்போது குழந்தை சக்கரத்துக்கு அடியில். வேகம் ஒரு துளி கூடக் குறைந்திருக்காது!

இது நல்ல டயரும் காய்ந்த ரோடும் உள்ளபோது. மழை பெய்திருந்தால் சொல்லவே வேண்டாம். 2022-ல் இந்தியாவில் நடந்த ரோடு மரணங்களில் நூற்றுக்கு 71, அதிக வேகத்தால் வந்தவை என்று கணக்கு காட்டுகிறது. மேல உத்தரவீதியின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு 50-ல் போனால் எத்தனை நேரம் மிச்சம்? அரை நிமிஷம் கூட இல்லை.

தேர் ஓடிய வீதி

ஸ்ரீரங்கத்தின் வீதிகள் நடப்பவர்களுக்காகவே அமைந்தவை. கோவிலைச் சுற்றி ஏழு பிராகாரங்கள். உத்தரவீதிகள், சித்திரை வீதிகள் என்று சதுரம் சதுரமாக வீதிகள். தேர் திரும்புவதற்காக அகலமாக விட்ட வீதிகள் அவை. தேர் போகும் வேகம் உங்களுக்குத் தெரியும்.

வைகுண்ட ஏகாதசி வந்தால் போலீசார் கோவிலைச் சுற்றி வண்டிகளைத் தடுத்து விடுகிறார்கள். லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. பாட்டிமார்கள் பயமில்லாமல் நடு வீதியில் நடக்கிறார்கள். விழா முடிந்த மறுநாள் அதே பாட்டி சுவரோடு சுவராக ஒட்டிக் கொண்டு போக வேண்டும். ஓரத்தில் கார் நிற்கும். அதற்கு அப்பால் கடைச் சாமான் இருக்கும். மிச்சம் உள்ள இடத்தில் ஷேர் ஆட்டோ வரும். அம்மா மண்டபத்துக்குத் தர்ப்பணம் செய்யப் போகிறவர்கள் ஈர வேட்டியோடு வண்டிகளுக்கு நடுவே நுழைந்து வருவதை அமாவாசை தோறும் பார்க்கலாம்.

திருச்சிப் பக்கம் வந்தால் என்.எஸ்.பி. ரோடு. தெப்பக்குளம், மலைக்கோட்டை வாசல் எல்லாம் கடைகள். நடைபாதைக் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். அவருக்கும் வயிறு இருக்கிறது. 2014-ம் ஆண்டுச் சட்டம் அவருக்கு ஒரு இடம் ஒதுக்கித் தரச் சொல்கிறது. ஆனால் நடைபாதையை அடைத்துக் கொண்டு நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லையே!

நடைபாதை ஒரு உரிமை

நடைபாதைக்காக சுப்ரீம் கோர்ட்டு வரை போனவர் ஒரு தமிழர். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு வைத்திய நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். உடைந்த கால்களையும் நொறுங்கிய முதுகெலும்புகளையும் தினம் தினம் சேர்த்துக் கட்டியவர், விபத்தையே தடுக்க வேண்டும் என்று 2012-ல் வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2025 மே 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான உத்தரவு போட்டது. நடக்கத் தக்க நடைபாதை என்பது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னது. ஊனமுற்றவர்களும் போகக் கூடியதாக அது இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்றும் கூறியது.

ஐரோப்பாவில் ஹாலந்து நாடு இன்று சைக்கிள்காரர்களின் சொர்க்கம். 1971-ல் அங்கே சுமார் 3,300 பேர் ரோட்டில் இறந்தார்கள். 400-க்கு மேல் குழந்தைகள். தாய்மார்கள் பொறுக்க முடியாமல் தெருவுக்கு வந்து மறியல் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப் பாதை, குடியிருப்புத் தெருவில் மெதுவான வேகம் எல்லாம் வந்தன.

தஞ்சாவூர் ரோட்டில் ஒரு இழுபறி

பால்பண்ணையில் இருந்து துவாக்குடி வரை சுமார் 14½ கிலோமீட்டர். காட்டூர், திருவெறும்பூர் எல்லாம் இந்த வழியில்தான். பெல் தொழிற்சாலைக்கும் இதுவே வழி. தஞ்சாவூருக்குப் போகும் இந்த நான்கு வழிச் சாலையைப் போட்டபோது இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு போடவில்லை.

விளைவு என்ன? எதிரே உள்ள கடைக்குப் போக வேண்டியவர் தூரத்தில் உள்ள திருப்பம் வரை போய் வர வேண்டும். பெட்ரோல் விற்கிற விலையில் யார் போவார்? எதிர்த்திசையிலேயே ஓரமாக வண்டியை விடுகிறார். எதிரே வேகமாக லாரி வருகிறது. சர்வீஸ் ரோடு வேண்டும் என்று குடியிருப்போர் போராடினார்கள். இடம் எடுத்தால் கடையும் பிழைப்பும் போய்விடும் என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் முடிவு வராமல் இழுத்ததற்கு விலை கொடுத்தவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான்.

தலைக்கு ஒரு கவசம்

ரோடு போடுவது சர்க்கார் வேலை. ஹெல்மெட் போடுவது நம் வேலை. சரியாக அணிந்த ஹெல்மெட், சாவு ஆபத்தை நூற்றுக்கு 42-ம், தலைக்காய ஆபத்தை நூற்றுக்கு 69-ம் குறைக்கும் என்று ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது. 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்!

நம் ஊரில் பார்க்கும் காட்சி என்ன? ஓட்டுகிற கணவர் தலையில் ஹெல்மெட். பின்னால் மனைவி தலையில் மல்லிகைப்பூ. நடுவே பிள்ளை, ஒன்றும் இல்லாமல். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது சட்டம். தவறினால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய் அபராதம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால், ஓட்டுகிறவரோடு இணைத்துக் கட்டும் பெல்ட்டும், குழந்தைக்கு ஏற்ற ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைக்குக் கீழே வாரை மாட்டுங்கள். வாரை மாட்டாத ஹெல்மெட், ஆள் கீழே விழும் முன்பே கழன்று ஓடி விடும். அபராதத்துக்குத்தான் உதவும்!

சைக்கிள்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இடது பக்கம் திரும்பப் போகும் லாரிக்கும் பஸ்சுக்கும் இடது புறமாக நுழையாதீர்கள். டிரைவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். முன் சக்கரம் உங்களைத் தாண்டிப் போகும். பின் சக்கரம் உட்புறமாக அறுத்துக் கொண்டு வரும். நடப்பவர்கள், நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடந்தால், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்.

அடிபட்டவரைக் கண்டால்

"போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வருமே" என்று பயந்து பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம். உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது ஏறி விட்டது. பெயரைக் கூடச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 108-க்குப் போன் செய்தால் போதும்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கும் வழி உண்டு. தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், அது தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும், இலவச வைத்தியம். முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது பிறகு 2 லட்சமாக உயர்ந்தது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை.

புதுப் பாலம்

கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. 2016-ல் பக்கத்தில் புதிய பாலம் வந்ததும், பழைய பாலத்தில் ஊரார் காலையிலும் மாலையிலும் காலாற நடந்தார்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. ஹாரன் சத்தம் இல்லாமல் ஆற்றைப் பார்த்துக் கொண்டு நடக்க இருந்த ஒரு இடம் போயிற்று.

காவிரியிலும் 1976-ம் ஆண்டுப் பாலத்தை ஒட்டி 106 கோடி ரூபாயில் புதுப் பாலம் கட்டுவது என்று அரசு முடிவு செய்து வேலையைத் தொடங்கியது. நெரிசல் குறையும் என்பதில் சந்தேகம் இல்லை. நெரிசல் குறைந்தால் வேகம் கூடும் என்பதிலும் சந்தேகம் இல்லை. அந்த வேகத்தோடு வரும் வண்டிகள் இறங்கும் இடம், ஒரு பக்கம் சிந்தாமணி, மறு பக்கம் மாம்பழச்சாலை. இரண்டு இடத்திலும் ஜனங்கள் குறுக்கே நடந்துதான் பஸ் பிடிக்கிறார்கள். பாலத்தின் மேல் நடைபாதை எத்தனை அடி என்பதோடு, பாலம் முடிந்து இறங்கியதும் அந்த நடைபாதை எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. சிமெண்டு காய்ந்த பிறகு கேட்டால், சஞ்சீவி நகர் மாதிரி இன்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டி வரும்.