ஓடும் பிள்ளைக்கு உஷ்ணம் தெரியாது!

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது இங்கே வழக்கம். அந்த வெயிலிலும் நம் பிள்ளைகள் ஓடிப் பழகுகிறார்கள். சிலருக்குப் பட்டாளத்தில் ஆசை. சிலருக்குப் போலீசில் ஆசை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பேர் வாங்கிய கம்மவான்பேட்டை நம் ஜில்லாதானே!

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் தாயும், மகனுக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் போதும் என்றிருக்கிறாள். 2024-ம் ஆண்டு ஜார்க்கண்டில் நடந்ததை அவள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலைக்காக ஓடியவர்கள்

அங்கே கலால் இலாகாவுக்குக் கான்ஸ்டபிள்கள் எடுத்தார்கள். ஆண்கள் 60 நிமிஷத்தில் 10 கிலோ மீட்டர் ஓட வேண்டும். ஆகஸ்டு மாதம், வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொண்டது. ஓட வந்தவர்களில் 10 பேருக்கு மேல் மாண்டு போனார்கள்.

ஊக்க மருந்து சாப்பிட்டார்கள் என்று ஒரு பேச்சு. வெகு நேரம் காக்க வைத்தார்கள் என்று ஒரு புகார். எல்லாச் சாவுக்கும் உஷ்ணம்தான் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முதல் மந்திரி ஹேமந்த் சோரன் பரீட்சையைச் சில நாள் நிறுத்தினார். காலை 9 மணிக்கு மேல் யாரையும் ஓட விடக் கூடாது என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

ஜெய்ஷா விழுந்தார்

'பழக்கமில்லாத பையன்கள், அதனால்தான்' என்று சிலர் சொல்லக்கூடும். கேரளத்து ஓ.பி. ஜெய்ஷாவுக்கா பழக்கமில்லை? மாரத்தானில் இந்தியச் சாதனை படைத்தவர் அவர். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில், காலை 9.30 மணிக்குப் புறப்பட்ட பந்தயத்தில், 42 கிலோ மீட்டரையும் வெயிலில் ஓடி முடித்தார். முடித்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வழியில் இந்தியா தரப்பில் தண்ணீர் தர ஆளில்லை என்றார் அவர். அவரேதான் வேண்டாம் என்றார் என்றது தடகளச் சம்மேளனம். அந்த வழக்கு எப்படியிருந்தாலும், விழும் வரை அவர் நிற்கவில்லை. அதுதான் விஷயம்.

ஏன் நிற்பதில்லை?

ஓடும்போது தசைகள் சூட்டைக் கக்குகின்றன. வியர்வை காய்ந்தால்தான் அந்தச் சூடு தணியும். மழைக்காலத்தில் பதனிட்ட தோல் காயாமல் தொங்குவதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். புழுக்கத்தில் வியர்வையும் அப்படித்தான். 2019-ல் தோஹாவில் வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். சூரியனே இல்லை, புழுக்கம் போதுமானதாக இருந்தது!

உடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மூளை கலங்கும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்பான் பிள்ளை. அதை நம்பாதீர்கள். தள்ளாடுகிறானா? பிதற்றுகிறானா? கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறானா? உடனே நிறுத்துங்கள். 'வியர்க்கிறதே, பயமில்லை' என்றும் இருந்துவிடாதீர்கள். ஓடி விழுந்தவனுக்கு உடம்பு நனைந்தே இருக்கும்.

108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மற்றவர்கள் வண்டிக்காகக் காத்திருக்கக் கூடாது. நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரத் துணியைப் போட்டு விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் அரை மணிக்குள் சூட்டை இறக்கினால் உயிர் பிழைக்க வழியுண்டு. நினைவில்லாதவன் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

வெயிலில் ஓட உடம்பு பழக இரண்டு வாரமாவது ஆகும். பரீட்சைக்கு முந்தின வாரம் ஆரம்பிப்பது வீண். காய்ச்சலோடு ஓடுவது அதைவிட மோசம்.

மைதானத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை. அழைப்புச் சீட்டில் காலை 6 மணி என்றிருக்கலாம். அது உள்ளே போகும் நேரம். வரிசை நகர்ந்து உங்கள் மகன் கோட்டில் நிற்கும்போது மணி என்ன என்பதை அதிகாரிகளிடம் கேளுங்கள்.