பழைய இரத்தமும் புதிய மருந்தும்



சென்ற முறை குளிருடுப்பு வாங்குவது பற்றி எழுதியிருந்தோம். இம்முறை கொஞ்சம் பாரமான விடயம். நாங்கள் வைத்தியர் அல்ல; ஓ.எல். உடன் படிப்பை விட்டவர்கள். ஆனால் மொழி தெரியாத ஒருவருக்குத் துணையாகப் போய் அறிந்ததை, விசாரித்துச் சரிபார்த்து எழுதுகிறோம். அவருடைய அனுமதியும் உண்டு.

எங்களோடு இரவு வேலை செய்யும் அண்ணர் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி. நிணநீர்க் கணுவில் புற்றுநோய் என்று டவுன்டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பார்க் எக்ஸ்ரென்சனில் மெற்றோ ஏறி, ஜோன் ரலோனில் மாறி, அவரோடு போனோம். மருந்து ஏற்றுவதற்கு முன் இரத்தம் சோதித்தார்கள். அடுத்த முறை போனபோது வைத்தியர் “எபத்தீத் சே” என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. அண்ணருக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்துப் போனது. ஹெப்பற்றைற்றிஸ் சி என்பதைத்தான் பிரெஞ்சில் அப்படிச் சொல்கிறார்கள்.

அவருக்கு இது பல வருடமாகத் தெரியும். 1987இல் ஷெல் காயத்துக்கு ஊரில் இரத்தம் ஏற்றினார்கள். கனடா வந்தபின் ஒரு சோதனையில் வருத்தம் தெரியவந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. “கேஸ் பிழைச்சுப் போகும், வேலை போகும், பிள்ளைக்குக் கலியாணம் பேசேலாது எண்டு பயந்திட்டன்” என்றார்.

இரத்தம் கொடுத்தவரிலோ ஏற்றியவரிலோ பிழை சொல்ல முடியாது. இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989இல்தான். கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான மைக்கேல் ஹௌட்டன் பின்னர் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2020இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். கனடாவிலேயே 1990இல்தான் தானம் செய்யும் இரத்தத்தை இதற்காகச் சோதிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் இங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு இரத்தத்தால் இது தொற்றியது. நீதிபதி கிரேவர் விசாரித்து 1997இல் அறிக்கை கொடுத்தார்.

ஈரலில் இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் இருக்கும் வருத்தம் இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஓரளவு அடக்கி வைத்திருக்கும். புற்றுநோய் மருந்து அந்தக் காவலைத் தளர்த்திவிடும். அப்போது வைரஸ் பெருகி ஈரல் வீங்கலாம். புற்றுநோய் மருந்தையே இடையில் நிறுத்தவும் நேரலாம். அதனால்தான் முன்கூட்டியே சோதிக்கிறார்கள்.

அடுத்ததாக “என்ன வகை?” என்று பார்த்தார்கள். கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் மாம்பழம்தான், இனம் வேறு. இந்த வைரஸிலும் அப்படி இனங்கள் உண்டு. அதை ஜெனோரைப் என்கிறார்கள். கனடாவில் 1ஆம் வகை அதிகம். இந்தியாவிலும் அயல் நாடுகளிலும் 3ஆம் வகையே பெரிதும் காணப்படுகிறது. 3ஆம் வகை ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும், தழும்பையும் விரைவாக்கும். அண்ணருக்கு இருந்தது அதுதான்.

முன்பு ஊசி மருந்துக் காலத்தில் 1ஆம் வகைக்கு 48 வாரம், 3ஆம் வகைக்கு 24 வாரம். ஊசியால் சனம் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது எல்லா வகைக்கும் கேட்கும் குளிசைகள் உண்டு. 8 அல்லது 12 வாரம் எடுத்தால் நூற்றில் 95 பேருக்கு மேல் முற்றாகச் சுகமாகிறது. அப்படியென்றால் வகை எதற்கு? ஈரல் தழும்பேறியவருக்கு மருந்தைத் தெரிவு செய்ய அது உதவும். சுகமான பின் வைரஸ் திரும்பக் கண்டால், பழையதுதான் தலைதூக்கியதா, புதிதாகத் தொற்றியதா என்று பிரித்தறியவும் உதவும். ஒருமுறை சுகமானவருக்கும் திரும்பத் தொற்றலாம், தடுப்பூசி கிடையாது. இன்னொன்று: இந்தக் குளிசை ஹெப்பற்றைற்றிஸ் பி உள்ளவருக்கு அதைக் கிளப்பிவிடக்கூடும். எனவே முதலில் அதையும் சோதிப்பார்கள்.

எதை முதலில் தொடங்குவது என்று இரு பகுதி வைத்தியர்களும் கூடிப் பேசினார்கள். அண்ணர் 12 வாரம் குளிசை எடுத்தார். முடிந்து மூன்று மாதத்தின் பின் சோதித்தபோது இரத்தத்தில் வைரஸ் இல்லை. ஆனால் ஈரல் ஏற்கனவே சுருங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கான் எடுக்க வேண்டும். “முந்தியே வாய் திறந்திருந்தால்...” என்று மெற்றோவில் வரும்போது சொன்னார். நாங்கள் பதில் சொல்லவில்லை.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின்படி, அகதியாக ஏற்கப்பட்டவரை மருத்துவச் செலவைக் காட்டி மறுக்க முடியாது. கூட இருந்து சாப்பிடுவதாலோ கட்டியணைப்பதாலோ இது தொற்றாது. சவர அலகையும் நகவெட்டியையும் பல்துலக்கியையும் பகிராதீர்கள். ஊரில் இரத்தம் ஏற்றியவர்கள், பழைய ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 811க்கு ரெலிபோன் எடுத்துக் கேளுங்கள். வேறு எந்தப் பெரிய மருந்து தொடங்கினாலும் பழைய ஈரல் வருத்தத்தை வைத்தியருக்கு ஒளிக்காதீர்கள்.

அண்ணர் இந்தக் கிழமை திரும்ப வேலைக்கு வந்திருக்கிறார். அடுத்த இதழில் சந்திப்போம்.