தெரிந்த வக்கீல்

‘யாராவது தெரிந்த வக்கீல் இருக்கிறாரா?’ கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் சென்னையில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நல்ல வக்கீல் யார் என்பதெல்லாம் அப்புறம். ஐந்து வருடம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்துவிட்டு, மந்தைவெளியில் சந்துக்குள் ஒற்றை அறை பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது: என்னைத் தெரிந்தவர்களிடம் வழக்கு நடத்தப் பணமில்லை, பணம் இருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது.

சரி, தெரியப்படுத்திக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்திய பார் கவுன்சிலின் விதி 36 வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது, தரகர் வைக்கக் கூடாது, பெயர்ப்பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. 2008இல் வந்த திருத்தம் இணையதளம் வைத்துக்கொள்ள அனுமதித்தது; அதிலும் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை என்ற அளவோடு சரி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், குவிக்கர், சுலேகா, ஜஸ்ட் டயல் போன்ற தளங்கள் வழக்கறிஞர் சேவையை விற்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சட்டத் தொழில் வியாபாரம் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்போடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வக்கீலுக்கு ஸ்டார் போட்டு விற்பதை நானும் விரும்பவில்லை. என் சண்டை விதி 36க்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன விலக்கோடுதான். தனிப்பட்ட உறவின் அடிப்படையில் அமையாத சந்திப்புகள் வழியாக வேலை கேட்கக் கூடாது என்கிறது விதி. அப்படியானால் உறவு இருந்தால் பரவாயில்லை. சாதிக்குள்ளேயே கல்யாணம், சாதி பார்த்தே வீடு என்று இருக்கும் நாட்டில் ‘தனிப்பட்ட உறவு’ என்பதற்கு வேறு என்ன பெயர்?

மயிலாப்பூரைக் கேட்டால் சொல்லும். சென்னை மாகாணத்தில் அட்வகேட் ஜெனரல் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் வி. பாஷ்யம் அய்யங்கார். 1916இல் அதே பதவிக்கு வந்த எஸ். சீனிவாச அய்யங்கார் அவருடைய மருமகன். அவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாமனார் வீட்டு வாசலில் காத்திருந்த கட்சிக்காரர்களின் கூட்டத்துக்கு முன்னால் எந்த விளம்பரம் நிற்கும்? அதே 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் பார்ப்பனரல்லாதார் அறிக்கையை வெளியிட்டது சும்மா இல்லை. (அவர் பெயரைத் தாங்கிய தி.நகரில் இன்று ஆபீஸ் வாடகை எனக்குக் கட்டுப்படியாகாது என்பது தனிக்கதை.)

மயிலாப்பூரில் அறை தேடியபோது நடந்தது இது. “சாருக்கு எந்த ஊர்?” விழுப்புரம் பக்கம். “விழுப்புரத்துல எங்க?” சொன்னேன். “அந்த ஊர்ல எந்தத் தெரு?” மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அறை வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும். அதே மூன்று கேள்விகளைக் கட்சிக்காரர்களும் கேட்பார்கள். எழுந்து போகும்போது மட்டும் மரியாதையாக விசிட்டிங் கார்டு வாங்கிக்கொள்வார்கள்.

அம்பேத்கருக்கே இதுதான் நிலை. 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கும்போது பதிவுக் கட்டணத்துக்கே நண்பர் நவல் பத்தேனா உதவ வேண்டியிருந்தது. பாரிஸ்டர்களுக்கு வழக்கு கொண்டுவர வேண்டிய சொலிசிட்டர்கள் அவரை அண்டவில்லை. கொலம்பியா, லண்டன் பட்டங்களை வைத்துக்கொண்டு கீழ் நீதிமன்ற வழக்குகளுக்கு அலைந்தார். வருமானத்துக்காக 1925 முதல் கணக்கியல் பயிற்சி நிறுவனம் ஒன்றில் வணிகச் சட்டம் நடத்தினார். 1926இல் பூனாவில் பார்ப்பனரல்லாதார் தலைவர்கள் மூவர் மீது பார்ப்பனர்கள் போட்ட அவதூறு வழக்கு அவரிடம் வந்தது. வென்று கொடுத்தார். அந்த வழக்கு சொலிசிட்டர் வீட்டுத் திண்ணை வழியாக வரவில்லை, இயக்கம் வழியாக வந்தது.

இன்று பதிவுக் கட்டணப் பிரச்சினை ஓரளவு தீர்ந்துவிட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய், மற்றவர்களுக்கு 750 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவு செய்த பிறகு வாடகை கட்டுவது எப்படி என்பதற்குத்தான் தீர்ப்பு இல்லை.

என் முதல் கட்சிக்காரர், கண்ணகி நகரிலிருந்து பஸ் பிடித்து அடையாறுக்கு வீட்டு வேலைக்கு வரும் ஒரு அக்கா. வளையல் காணோம் என்று வேலை செய்த வீட்டில் புகார் கொடுத்துவிட்டார்கள். அவரோடு ஸ்டேஷனுக்குப் போய் மாலை வரை உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். வளையல் அந்த வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. மூன்று தவணையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். ஆனால் ‘ஸ்டேஷனுக்குக் கூடவே வந்து உட்காரும் வக்கீல்’ என்று அவர் சொன்ன ஒரு சொல் ரங்கநாதன் தெரு வரை போய்விட்டது. அங்கே ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்கள் இரண்டு பேர் சம்பளப் பாக்கிக்காக வந்தார்கள். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் போட்டதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும்.

புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு: மூன்று வருட அனுபவம் இருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலுக்கு விண்ணப்பியுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. பணம் கொஞ்சம்தான். ஆனால் நீங்கள் குறுக்கு விசாரணை செய்வதை நாலு பேர் பார்ப்பார்கள்.

நம்மவர்களிடமும் ஒரு மனத்தாங்கல் உண்டு. வன்கொடுமை நடந்தால் என்னைத் தேடி வருகிறீர்கள், ராத்திரி ஒரு மணிக்கும் வருகிறேன். அதே ஆள் நிலம் வாங்கினால், கம்பெனி ஆரம்பித்தால், விவாகரத்து என்றால் லஸ்ஸில் போய் நிற்கிறார். பி.சி.ஆர். கேஸுக்கு நாங்கள், பத்திரத்துக்கு அவர்கள் என்று யார் பிரித்தது? அவதூறு வழக்கில் வென்ற அம்பேத்கர் வணிகச் சட்டமும் பாடம் நடத்தியவர்தானே.

போன மாதம் ஒரு தோழர் போன் செய்தார். ஏப்ரல் 14 கூட்டங்களில் என்னோடு மேடை ஏறுபவர். நண்பர்களோடு ஸ்டார்ட்அப் தொடங்குகிறாராம். “தோழர், ஒப்பந்தம் எழுதணும். நல்ல வக்கீலா யாராவது தெரியுமா?”

என்னிடம் கேட்கிறார்! விதி 36 தடுக்காது, பத்து வருடப் பழக்கம். ஆனாலும் ‘நான் இல்லையா’ என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு பேருடைய எண்களை அனுப்பினேன். ஒருவர் வியாசர்பாடியிலிருந்து வந்த முதல் தலைமுறை வழக்கறிஞர். ஒப்பந்தம் எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. நேற்று ஹைகோர்ட் கேன்டீனில் பார்த்தபோது, தோழர் கூப்பிட்டாரா என்று விசாரித்தேன். இன்னும் இல்லை என்றார்.